மை ஊற்றாத வீடு

சிவப்பு விளக்கைப் பார்த்தவர்தான் மை ஊற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, அதனால் அந்த வீட்டில் யாரும் சிவப்பு விளக்கைப் பார்ப்பதில்லை.

தூத்துக்குடியில், கடல் காற்று உப்பைச் சுமந்து வந்து ஜன்னல் கம்பிகளை அரித்துத் தின்கிற தெரு ஒன்றில் அந்த வீடு மூன்று அடுக்காக நின்றது. கீழே மோனிக்கா மாமி இருந்தாள், நடுவில் அவளுடைய மூத்த மகன் ரெக்ஸும் அவன் மனைவி டெய்சியும் இருந்தார்கள், மேலே இளைய மருமகள் செலினும் அவளுடைய ஐந்து வயது மகள் ஜோவிதாவும் இருந்தார்கள். செலினுடைய கணவன் ஆல்வின் கப்பலில் வேலை பார்த்தான், ஆகையால் அவன் கடலிலும் போனிலுமாக இருந்தான்.

பிரிண்டரை வாங்கியது ரெக்ஸ். எல்லாருக்கும் பொது என்று சொல்லி, கீழ்வீட்டுக்கும் நடுவீட்டுக்கும் இடையில் படிக்கட்டு திரும்புகிற இடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே, கால் ஒடிந்த தையல் மிஷின் மேசையின் மேல் வைத்தான். மாமி அதில் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் பாட்டு அடித்தாள், டெய்சி டியூஷன் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடித்தாள், வீட்டுமனை வாங்கி விற்றுக் கொடுக்கிற ரெக்ஸ் பத்திரங்களுக்கு நகல் அடித்தான், செலின் ஜோவிதாவின் பள்ளிக்கூடம் கேட்ட படங்களை அடித்தாள், இன்றைக்குப் பழங்கள் என்றால் நாளைக்குப் பறவைகள், அதற்கடுத்து நமக்கு உதவுவோர் என்று அந்தப் பள்ளிக்கூடம் கேட்டுக்கொண்டே இருந்தது. மை தீரும்போதெல்லாம் சண்டை வந்தது. ஒரு பாட்டுக்கு எவ்வளவு மை போகும், ஒரு கிளிக்குப் பச்சை எவ்வளவு போகும், கேள்வியை மட்டும் அடித்தால் போதாதா எதற்குப் பூ வைத்த பார்டர் என்று சோற்றுக்கு முன்னால் வாக்குவாதம் நடந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாயில் இருக்கும்போதே ரெக்ஸ் தீர்ப்புச் சொன்னான்.

“பொதுச் சாமானுக்குப் பொதுப் பொறுப்பு. சிவப்பு லைட் எரியுதத யாரு பாக்காவளோ, அவுங்க மை ஊத்தணும். அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து மாமி கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிக்கொண்டே படியேறினாள், டெய்சி துணிக்கூடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், ரெக்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் நடந்தான், செலின் அந்தத் திருப்பம் வரும்போது மட்டும் செருப்பைப் பார்த்துக் குனிந்தாள். எல்லாரும் அவரவர் அறையிலிருந்து போனிலேயே அடித்தார்கள். வந்த தாளை எடுத்து வர ஜோவிதாவை அனுப்பினார்கள். “பிள்ள பாத்தா கணக்குல வராது” என்று மாமி சொல்லிவிட்டாள், அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

அப்படியாக ஜோவிதா படிக்கட்டுத் திருப்பத்திலேயே வளர்ந்தாள். மேசைப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, மூடியின் மேல் கன்னத்தை வைத்து, உள்ளே சக்கரம் உருளும் சத்தத்தைக் கேட்டு, தாள் வந்ததும் எடுத்துக்கொண்டு ஓடுவாள். தாளைப் படிக்கத் தெரியாது, ஆனால் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

மாதா திருவிழா முடிந்த கையோடு நான்கு தொட்டியிலும் மை வற்றிப் போயிற்று. செலினுடைய போனில் மை இல்லை என்று ஒரு செய்தி வந்தது, அப்படியே தொடரலாமா என்று கேட்டது. மறுநாள் பறவைகள் கொண்டுபோக வேண்டிய நாள், மணி ஏழாகியிருந்தது, சோறு அடுப்பில் இருந்தது. செலின் தொடர் என்பதை அமுக்கினாள். ஜோவிதா கொண்டுவந்த தாளில் கிளி எந்தக் கிளியையும்விடப் பச்சையாக இருந்தது. காலையில் டெய்சியின் வாசல் திரை, அதே பச்சையில் மாங்காய்ப் போட்டது, வெள்ளைத் துணியாகத் தொங்கியது.

“வெயில்ல வெளுத்துட்டு” என்றாள் டெய்சி, துவைத்துப் போட்ட மறுநாளே.

அதற்கடுத்து படிக்கட்டுச் சுவரின் நீலம் போயிற்று. மாமியின் அரக்குச் சேலை கொடியிலேயே எலும்பு நிறத்துக்கு வந்தது. ரெக்ஸின் பைக் சிவப்பிலிருந்து வெறும் தகரமானது. அப்புறம்தான் அவர்களுக்குப் புரிந்தது, மை இல்லாத பிரிண்டர் பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அந்த நிறத்தை உறிஞ்சி அடிக்கிறது என்று. புரிந்ததும் அவர்கள் முதலில் செய்தது, பெருமூச்சு விட்டதுதான். இனி யாரும் மை ஊற்ற வேண்டாம்.

“வேண்டாத சாமானப் பக்கத்துல வச்சாப் போதும்லா” என்றான் ரெக்ஸ், கடையிலிருந்து அழுகிய கத்தரிக்காய் ஒரு பை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு. கத்தரிக்காய் நிறத்தில் ஒரு மனைப் பத்திரம் அழகாக வந்து விழுந்தது.

செய்தி தெருவுக்குப் போயிற்று. தெரு ஆச்சரியப்படுவதற்கு நேரமில்லாத தெரு, பிள்ளைகளுக்கு ஆதார் நகல் வேண்டும், கிழவர்களுக்குப் பென்ஷன் நகல் வேண்டும், ஐஸ் கம்பெனிக்குப் பில் வேண்டும். எதிர்வீட்டு அமலி முதல் ஆளாக வந்தாள், கையில் ஒரு கூடை தக்காளி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள், வரும்போது நிறமுள்ளதாக எதையாவது கொண்டுவந்தார்கள், அதற்குத் தீனி என்று பெயரும் வைத்தார்கள். பழைய பட்டுச் சேலை வந்தது, வாடிய கல்லறை மாலை வந்தது, காலாவதியான இருமல் மருந்து வந்தது, யாருடையதோ ஒரு சேவல் வந்தது. தீனி வைத்தபின் வெள்ளையாகிப் போன மிளகாயை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்தார்கள், காரம் அப்படியே இருந்தது, ஆனால் சாப்பிடுகிறவர்களுக்கு எதைத் தின்று கண்ணீர் வருகிறது என்று தெரியவில்லை. ஒரு கஞ்சப் பிரபு தீனியாக வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து வைத்தார், வெறும் தாள் வந்தது, பிரிண்டர் ரிப்பேர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். கோவில் பங்குப் பேரவையில் இது பற்றிப் பேசி, சாவு நோட்டீஸ் முதலில், கல்யாண ஓலை அடுத்து, பரீட்சை அதற்கும் பிறகு என்று வரிசை வைத்தார்கள். பங்குச்சாமியார் பீடத்து வாடிய ரோஜாக்களைக் கொண்டுவந்து வைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் கால நிகழ்ச்சிநிரலை அடித்துக்கொண்டு, “கொடுக்கிறதெல்லாம் எங்கிருந்தோ எடுத்துத்தான் கொடுக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஜோவிதா முக்காலியில் உட்கார்ந்து தாள் எடுத்துக் கொடுத்தாள். தெருவே அவளைப் பிரிண்டர் பிள்ளை என்று கூப்பிட்டது.

அவள் கறுப்பு. மினுமினுவென்று, எண்ணெய் வைத்துத் தேய்த்த ஈட்டி மரம் போலக் கறுப்பு. அது செலினிடமிருந்து வந்தது. மோனிக்கா மாமி பேத்தியைக் குளிப்பாட்டும்போது தேய்த்த இடத்திலேயே தேய்ப்பாள், “எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த நிறம் கிடையாது, எங்க இருந்து வந்துச்சோ” என்பாள், எங்கிருந்து வந்தது என்பது மேல்வீட்டில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும். செலின் கர்ப்பமாக இருந்தபோது பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தாள். பிறந்தபின் பயத்தமாவு, பாலாடை, ஆவாரம்பூ. அவள் கான்வென்டில் படித்தவள், அந்தக் கான்வென்டின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒவ்வொரு வருஷமும் மூன்று ராஜாக்களில் அவள்தான் கறுப்பு ராஜா, “உனக்கு மேக்கப் வேண்டாம்” என்று சொல்லி ஒட்டுத்தாடியை மட்டும் கொடுப்பார்கள், அவளும் சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொள்வாள். இப்போது ஜோவிதாவின் பள்ளிக்கூடத்திலும் கிறிஸ்துமஸ் நாடகம் வரப்போகிறது, ஜோவிதா தேவதையாக வேண்டும் என்று கை தூக்கினாள், டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, “நீ மரமா நில்லு கண்ணு, மரம் இல்லாம நாடகமே இல்ல” என்று சொல்லியிருந்தாள். ஜோவிதா வீட்டுக்கு வந்து, சமையலறை நடுவில் இரண்டு கையையும் விரித்து, மரமாக நின்று பழகினாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் படிக்கட்டில் தீனி எதுவும் இல்லை. டெய்சி தன் அறையிலிருந்து கேள்வித்தாள் ஒன்றை அனுப்பினாள். ஜோவிதா வழக்கம்போல் மூடியின் மேல் கையை வைத்துக் காத்திருந்தாள். செலின் மேலிருந்து இறங்கி வந்தவள் பார்த்தாள், தாள் வெளியே வர வர, பிள்ளையின் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு இளகி, மாநிறமாகி, அதையும்விட வெளுத்துப் போயிற்று. தாளில் எழுத்துகள் கறுப்பும் அல்லாமல் பழுப்பும் அல்லாமல், சூடான ஒரு நிறத்தில் இருந்தன.

அந்த நேரத்தில் அவள் பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு மேலே ஓடியிருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும், மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். அவள் படியில் நின்று பிள்ளையின் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்:

“வலிக்குதா ஜோவி?”

“இல்லம்மா.”

“அந்தக் கையையும் வையி.”

மறுநாளிலிருந்து செலினைப் போல உபகாரி அந்தத் தெருவில் இல்லை. யாருக்கு எது வேண்டுமானாலும் என் போனுக்கு அனுப்புங்கள், நான் அடித்துத் தருகிறேன், தீனி கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்றாள். வந்த தீனியைக் கூடையோடு மாடிக்குத் தூக்கிப்போய் ஒளித்து வைத்தாள். பிள்ளையை உள்பாவாடையோடு உட்காரவைத்து, இன்றைக்கு முழங்கை, நாளைக்குக் கழுத்து, கன்னத்தை வை, இந்தப் பக்கம் திரும்பு, ஆடாதே என்றாள். அமலியின் மாமனாருக்கு முதலாம் ஆண்டு நினைவு நோட்டீஸ் அடித்தாள், மாமியின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் அனைத்தையும் அடித்தாள், டெய்சியின் அரையாண்டுக் கேள்விகளை அடித்தாள், ரெக்ஸுக்கு ஒரு நீளமான பத்திர நகல் அடித்தாள். “எழுத்து கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு” என்று எல்லாரும் சொன்னார்கள். “செலினு கைராசி” என்றாள் அமலி. புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே அவள் அடுத்த தாளை அனுப்பினாள்.

ஜோவிதா வெளுத்தாள். வீடு திருவிழா கொண்டாடியது. மோனிக்கா மாமி அவளைக் கோவிலில் முன்வரிசையில் உட்காரவைத்து, திரும்பித் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். ஆல்வின் போனில் கூப்பிட்டு, “ஏ, என் பிள்ளையா இது, என்னட்டி போடுத அவளுக்கு?” என்றான், அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு நாட்டுக் கடல் ஆடியது. “ஒண்ணும் போடல, வெயில்ல விடுறதில்ல” என்றாள் செலின். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஜோவிதாவுக்குச் சிறகு கட்டி அளவு பார்த்தாள்.

அது எங்கே நின்றிருக்க வேண்டுமோ அங்கே நிற்கவில்லை. பிள்ளை மாமி நிறத்துக்கு வந்தாள், டெய்சி நிறத்துக்கு வந்தாள், அதையும் தாண்டினாள். செலின் ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசித் தாள் என்றாள், ஒவ்வொரு நாளும் நெற்றியோரம் கொஞ்சம், காதுமடலில் கொஞ்சம் பாக்கி தெரிந்தது. கடைசியாய் ஒரு நாள் உண்மையாகவே நிறுத்தினாள், ஆனால் பிள்ளை அதற்குள் சுவரில் விழும் நிழலையும் பாதி கொடுத்திருந்தாள். மாமி சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தாள், ஜோவிதா தட்டில்லாமல் உட்கார்ந்திருந்தாள், யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே வரவில்லை என்று குறித்தார்கள். தெருவில் பிரிண்டர் பிள்ளை என்று கூப்பிடுவது நின்றது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது ஜோவிதா தன் கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அம்மா, நான் இன்னும் எவ்வளவு பேஜ் இருக்கேன்?”

நாடகத்தன்று செலின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேய்ப்பர்கள் வந்தார்கள், ஆடுகள் வந்தன, மரம் வந்து கை விரித்து நின்றது. வெள்ளை விளக்குப் போட்டார்கள். மேடைக்கு ஒரு வெள்ளைக் கவுன் வந்தது, அதன் முதுகில் இரண்டு சிறகு இருந்தது, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, கையின் முனையில் ஒன்றுமில்லை. “பயப்படாதீர்கள்” என்று ஜோவிதாவின் குரல் சொன்னது. சனங்கள் கை தட்டினார்கள். “அசல் தேவதை மாதிரியே இருக்கு” என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னாள். செலின் எழுந்து, நாற்காலிக் கால்களைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேடை ஓரத்துக்கு ஓடி, அந்தக் கவுனைத் தூக்கினாள், உள்ளே பாரம் இருந்தது, சூடு இருந்தது, ஒரு இதயம் கோழிக்குஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, அவள் தன் கண்ணையே நம்பாமல் அந்தச் சத்தத்தின் மேல் காதை வைத்துக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தாள்.

வழியைக் காட்டியதும் பிள்ளைதான். மறுநாள் காலையில் மொட்டைமாடியில் செலின் சிறகுத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, ஜோவிதா மாமியின் பாட்டுத்தாள் ஒன்றைக் கப்பலாக மடித்து வாளித் தண்ணீரில் விட்டாள். அப்பா கப்பல் என்றாள். கப்பல் ஊறியது, எழுத்துகள் கரைந்து தண்ணீர் காப்பித் தண்ணீர் ஆயிற்று, கப்பலைப் பிடிக்கக் கை விட்ட இடத்தில், காற்றில் ஐந்து விரல் கறுப்பாகத் தெரிந்தது. செலின் அந்த ஐந்து விரலையும் வாயில் வைத்து முத்தமிட்டாள்.

அப்படியென்றால் தாள்கள் எல்லாம் வேண்டும்.

அவள் முதலில் அமலி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு போனவள், வாசலில் அமலி தேங்காய் துருவிக்கொண்டே “என்னட்டி முகம் இப்படி இருக்கு?” என்றதும் உண்மையைச் சொல்லிவிட்டாள். என் பிள்ளையைத்தான் தீனியா வச்சேன் அக்கா. அமலி துருவலை நிறுத்தவில்லை.

“வெளுக்கவா?”

“ஆமா.”

“எங்க மாமா நோட்டீசு பஜார்ல பாதி செவுத்துல ஒட்டிருக்கு. வா, கிழிச்சிட்டு வருவோம்.” போகும்போது சொன்னாள், “எம் மகளக் கட்டிக் கொடுக்கதுக்கு முன்னால இந்த யோசன எனக்குத் தோணாமப் போச்சேன்னு ஒரு நிமிசம் நினைச்சேன் பாத்துக்கோ. குத்தம் சொல்லும்போது என்னையும் சேத்துச் சொல்லு.”

தெரு தாள்களைக் கொடுத்தது. முன்னமே சொல்லியிருந்தால் தேதியை எழுதி வைத்திருப்போமே என்று சிலர் சடைத்துக்கொண்டார்கள். டியூஷன் பிள்ளைகள் கேள்வித்தாள் திரும்பப் போவதில் சந்தோஷப்பட்டார்கள். டெய்சி தன் அலமாரியைக் காலி செய்து கொடுத்தாள், கொடுத்துவிட்டு, “நான் அனுப்புனப்ப எல்லாம் அங்க அவதான் இருந்தாளா?” என்றாள், பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். ரெக்ஸ் மட்டும் தலையைச் சொறிந்தான். பத்திர நகலைப் பதிவுக்குக் கொடுத்தாயிற்று. “உள்ள போன பேப்பர் வெளிய வராதும்மா. எனக்குத் தெரிஞ்சிருந்தா...” என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் ஹெல்மெட்டைத் தேடினான்.

மோனிக்கா மாமி கொடுக்க மாட்டேன் என்றாள். பாட்டுத்தாள்கள் நிறைந்த பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“ஏட்டி, நல்லா வந்திருக்க பிள்ளயத் திரும்பக் கரியாக்கப் போறேன்னு சொல்லுத. பெத்தவளுக்கே பிள்ள வெளுப்பா இருந்தா பொறுக்கலியா? நாளைக்கு அவளப் பொண்ணு பாக்க வாரவன் என்ன சொல்லுவான்?”

“மாமி, அவ இப்ப எங்க இருக்கா?”

மாமி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், அலமாரிப் பக்கம் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

“வெளிய விளையாடுதாளோ என்னமோ.”

“உங்க மடியில இருந்து பாட்டுப் பையப் பிடிச்சி இழுத்துக்கிட்டு இருக்கா மாமி.”

காற்றில் ஐந்து கறுப்பு விரல் பையின் காதைப் பிடித்திருந்தது. மாமி அதைப் பார்த்தாள். இன்னொரு கையால் தடவி, ஒரு தோளைக் கண்டுபிடித்தாள், ஒரு தாடையை, ஈரமான ஒரு கன்னத்தைக் கண்டுபிடித்தாள். அவள் குளிப்பாட்டித் தேய்த்துத் தேய்த்துப் பழகிய உடம்பு, கை அதை மறக்கவில்லை. “நேத்து சாப்பிட்டியா?” என்று அந்த வெற்றிடத்தைக் கேட்டாள். “தட்டு இல்ல” என்று பதில் வந்தது. மாமி பையைக் கொடுத்தாள்.

மொட்டைமாடியில், நல்ல வெயிலில், கோவில் அசன விருந்துக்குச் சோறு பொங்குகிற பெரிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். தெரு குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி வந்தது. தாள்களைக் கிழித்துப் போட்டுக் கையால் பிசைந்தார்கள், தண்ணீர் கருத்தது, செலின் கவுனைக் கழற்றி அந்த ஒன்றுமில்லாததைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தாள். முதலில் முழங்கால் வந்தது. பிறகு வயிறு, பிறகு கழுத்து, பிறகு சிரிப்பு. நிறம் வந்தபோது எழுத்தும் கூடவே வந்தது, தோளில் ஒரு பாட்டின் பல்லவி ஓடியது, வயிற்றில் கோடிட்ட இடங்களை நிரப்புக என்று இருந்தது, தொடையில் அமலியின் மாமனார் பெயர் பிறப்பு இறப்புத் தேதியோடு ஏறியிருந்தது.

“எங்க மாமாவ எங்க கொண்டு வச்சிருக்க பாரு” என்றாள் அமலி. “உயிரோட இருக்கையில ஒருத்தருக்கும் உதவாத மனுசன்.”

வெயில் சாயச்சாய எழுத்துகள் கலங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, வெறும் கறுப்பாக, மினுமினுவென்ற பழைய கறுப்பாக ஆயின. தெரு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சமைக்கப் போயிற்று.

பிடரியில் மட்டும், பின்னல் போடுகிற இடத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது. அது ரெக்ஸின் பத்திரம். அந்த வழியாகப் பார்த்தால் ஜோவிதாவுக்கு முன்னால் இருக்கிற ஜன்னல் தெரிந்தது. செலின் ஒவ்வொரு காலையும் தலை பின்னும்போது அந்த ஜன்னலைப் பார்த்தாள், பார்க்காமல் பின்ன அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பாதிப் பின்னலில் சீப்பை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். மேசையில் இருந்த தக்காளிக் கூடையை எடுத்து அப்பால் வைத்தாள், தன் இடது கையை முழங்கைவரை மூடியின் மேல் வைத்தாள், போனில் ஒரு கறுப்புச் சதுரத்தை அனுப்பினாள்.

அது வலித்தது. முள் குத்துகிற வலி இல்லை, சுடுகிற வலி இல்லை, தோலுக்கு அடியில் இருந்து ஒவ்வொரு மயிராக உள்பக்கம் பிடித்து இழுப்பது போல, பல் கூசுவது போல, எலும்பு வரைக்கும் குளிர்ந்து வலித்தது. அவள் உதட்டைக் கடித்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்தாள். தாள் முழுதாக வந்து விழுந்தபோது அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வலியால் அல்ல. ஜோவிதா வலிக்கவில்லை என்று சொன்னாளே, ஒவ்வொரு தாளுக்கும் இவள் கேட்டாளே, ஒவ்வொரு தாளுக்கும் பிள்ளை இல்லம்மா என்றுதானே சொன்னாள். அம்மா நிறுத்திவிடுவாளோ என்று பயந்து சொன்னாளா, அம்மா நிறுத்தமாட்டாள் என்று தெரிந்து சொன்னாளா, அதைச் செலின் இன்றுவரைக்கும் பிள்ளையிடம் கேட்கவில்லை.

தாளை நனைத்துப் பிடரியில் வைத்தாள். நிறம் பொருந்திற்று, தையல் தெரியாமல் பொருந்திற்று. ஜன்னல் மறைந்தது.

செலினுடைய இடது கை முழங்கைவரை வெள்ளையாக நின்றுவிட்டது. கல்யாண வீடுகளில் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து, இந்தக் கை நல்லா இருக்கே, என்ன போட்ட என்பார்கள். அவள் வெயில் காலத்திலும் முழுக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டாள். வீட்டில் மை வாங்கி ஊற்றினார்கள், யார் ஊற்றியது என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. தெருவில் சிலர் பழக்கதோஷத்தில் இன்னும் தக்காளியோடு வருகிறார்கள், வந்தவர்கள் அவரவர் தாளை அவரவரே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்கு அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, சோறு உண்டு, வீடே படுத்திருந்த மத்தியானத்தில், செலினுக்குப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, “ஜோவி, வாம்மா” என்றாள். ஜோவிதா பொம்மையைக் கீழே வைத்துவிட்டு உடனே வந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி விட்டு, இரண்டு உள்ளங்கையையும் அம்மாவின் நெஞ்சில் விரித்து வைத்து, கன்னத்தையும் வைத்து, கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“என்ன ஜோவி செய்த?”

“எடுத்துக்கோம்மா. நான் ஆட மாட்டேன்.”

“நான் ஒண்ணும் எடுக்கலம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்.”

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நெஞ்சில் பதிந்திருந்த விரல்கள் விலகவில்லை, வலிக்கவில்லை என்று சொல்வதற்கு உதடுகள் முன்கூட்டியே தயாராக இருந்தன. செலினுக்கு அவளை அணைக்கப் பயமாக இருந்தது. அவள் தன் இரண்டு கைகளையும், வெள்ளைக் கையையும் கறுப்புக் கையையும், பிள்ளையைத் தொடாமல் மேலே தூக்கினாள், கண் திறந்தால் முதலில் தெரிகிற இடத்தில் வெறுங்கையாக விரித்துப் பிடித்தாள், தோள் கடுத்தது, பிறகு மரத்தது, அவள் அவற்றை இறக்கவில்லை, ஜோவிதா கண்ணைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.